ம இல்லாத பாட்டுகள்

நான் இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது, தங்கச்சி. எனக்கு எதையும் வரிசையாகச் சொல்ல வராது. ஏழாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நாலு பேர் முன்னால் நான் வாயைத் திறந்ததெல்லாம் ஜெபக் கூட்டத்தில்தான். அங்கேயும் பாதியில் பயம் வந்து ஆமென் சொல்லிவிடுவேன். நடுவில் எதையாவது விட்டுவிட்டால் நீங்கள் என்னைக் கெட்டவள் என்று நினைத்துக்கொள்வீர்கள். அதனால் முழுக்கக் கேட்டுவிட்டு நினையுங்கள்.

காபி எல்லாம் வேண்டாம், நீங்கள் உட்காருங்கள். மழைக்கு முன்னால் நான் போக வேண்டும். பையில் என்ன என்று பார்க்கிறீர்களா? கடைசியில் காட்டுகிறேன். உங்களுக்காகத்தான் கொண்டுவந்திருக்கிறேன்.

நீங்கள் இந்த ஊருக்கு வந்த முதல் ஞாயிறே கோயிலில் வாய்விட்டுப் பாடினீர்கள் அல்லவா, ஹில்டா டீச்சர் கண்ணாடியை இறக்கித் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் ஒருவரைத் திரும்பிப் பார்த்தால் பார்த்ததுதான். ஆராதனை முடிந்ததும் என்னிடம், "ஏட்டி புஷ்பம், அந்தப் பேங்க்காரர் சம்சாரத்தை நம்ம மணிக் குழுவுக்குக் கூப்பிடு" என்றார்கள். கூப்பிடத்தான் வந்தேன். ஆனால் நான் கூப்பிட்டதும் நீங்கள் யாரிடமாவது விசாரிப்பீர்கள். அவர்கள் ரூபாவதி கதையை வேறு மாதிரி சொல்வார்கள். இந்த ஊரில் ஆளுக்கு ஒரு வாய். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

மணி என்றால் கோபுரத்தில் தொங்குகிற மணி இல்லை. கையில் பிடிக்கிற வெண்கல மணி, தோல் கைப்பிடி வைத்தது. வெளிநாட்டில் இருக்கிற ஒரு குடும்பம் தங்கள் அம்மா நினைவாக நம் கோயிலுக்கு வாங்கிக் கொடுத்தது. சின்ன செட்தான். ஒரு மணிக்கு ஒரே ஒரு சுரம். வெள்ளைக்காரர் வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை என்று ஹில்டா டீச்சர் கைப்பிடிகளில் ச, ரி, க, ம, ப, த, நி என்று எழுதி ஒட்டினார்கள். ச மட்டும் இரண்டு, பெரியது ஒன்று சின்னது ஒன்று. மற்றதெல்லாம் ஒவ்வொன்று. பெண்கள் சங்கத்தில் ஏழு பேரைப் பொறுக்கி, ஆளுக்கு ஒரு எழுத்து கொடுத்தார்கள்.

உங்களுக்குப் புரிகிறதா? ஹார்மோனியம் என்றால் ஒருவரே எல்லாக் கட்டையையும் அமுக்குவார். இதில் ஒரு பாட்டை ஏழு பேர் சேர்ந்துதான் வாசிக்க முடியும். உங்கள் எழுத்து வரும்போது நீங்கள் அடிக்க வேண்டும். அடித்துவிட்டு மணியைத் தோளில் சாய்த்து ஓசையை நிறுத்த வேண்டும். வராதபோது சும்மா நிற்க வேண்டும். ஒருத்தி தூங்கிவிட்டால் பாட்டில் ஓட்டை விழுந்துவிடும்.

ச அன்னமணி மாமிக்கு. அவர்கள் கணவர் கோயில் கமிட்டியில் இருந்தவர், ச அவர்களுக்குத்தானே போகும். ம ரூபாவதிக்கு. நி எனக்கு. மேசையின் கடைசியில், சுவர் ஓரமாக. படிக்காதவளுக்குக் கடைசி எழுத்து. நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வெண்கலத்தில் வெறுங்கை பட்டால் கறுத்துவிடும். அதனால் வெள்ளைக் கையுறை போட்டுக்கொள்வோம். அந்தக் கையுறைகளைத் தைத்தவள் ரூபாவதி. அவள் தையல்காரி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஒரு மெஷின் உண்டு. சபையில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் அவள்தான். கையுறைகளை வாராவாரம் துவைக்கிறவள் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் ஏற்றுக்கொண்டேன். ஏதாவது ஒன்றை நாமாகச் செய்துகொண்டிருந்தால் நம்மை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள் பாருங்கள்.

விஷயம் அறுப்பின் பண்டிகையில் ஆரம்பித்தது. பண்டிகை அன்று சபையார் எல்லாருக்கும் சாப்பாடு போடுவோம், அசனம் என்போம். மணி வாசித்துவிட்டு வந்து ரூபாவதி கையுறையைக் கழற்றி என்னிடம் தந்தாள். தந்துவிட்டு நேராகச் சோற்றுக் கரண்டியை எடுத்தாள். அப்போதுதான் பார்த்தேன். வலது கையில் இரண்டு விரல் நகத்தைச் சுற்றி வெள்ளை. சுண்ணாம்பில் முக்கியெடுத்த மாதிரி.

"என்ன ரூபா, விரல்ல?" என்றேன்.

"அதுவாக்கா? ரெண்டு மாசமா இருக்கு. டாக்டர்ட்ட போனேன். நிறம் போவுதாம், அவ்வளவுதான். ஒட்டாதுன்னுட்டாரு." சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

டாக்டர் சொல்லுவார். டாக்டர் வீட்டில் அவள் கையுறையைத் துவைக்கிறார்களா? நான்தானே துவைக்கிறேன்? டாக்டர் வெண்புள்ளி என்பார். நம் ஊரில் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும், என் வாயால் சொல்ல மாட்டேன்.

நான் அதை ஊரெல்லாம் சொன்னேன் என்று உங்களிடம் சொல்வார்கள். பொய். அன்னமணி மாமி ஒருவரிடம்தான் சொன்னேன். அதுவும் கவலையில், ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். மாமி இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். எடுத்தது எடுத்ததுதான், பாயசம் வரை வந்த இலை. மாமி பக்கத்தில் இருந்தவர்களும் எடுத்தார்கள். யாரோ போய் ரூபாவதி கையிலிருந்து கரண்டியை வாங்கி, "நீ போய் உக்காரு தாயி, எவ்வளவு நேரம் நிப்ப" என்றார்கள். அவள் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள். அவளைச் சாப்பிட உட்காரச் சொன்னார்கள் என்றே நினைத்தாள். அவள் வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை.

அடுத்த வாரம் ரூபாவதி வருவதற்கு முன்னால் ஹில்டா டீச்சர் எங்களை வரச் சொன்னார்கள். பெரிய பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். சத்தம் போட்டே பேச மாட்டார்கள். "அவளை வராதேன்னு சொல்லக் கூடாது. போதகர் காதுக்குப் போனா அதையே பிரசங்கம் பண்ணிருவாரு. நம்ம பேரு கெட்டுப்போவும்" என்றார்கள்.

"அப்பம் அவகூடச் சேர்ந்துதான் நிக்கணுமா?" என்றார்கள் மாமி.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்தார்கள். "பாட்டை மாத்துவோம். ம இல்லாத பாட்டா எடுப்போம். அவ மணிக்கு வேலை இல்லன்னா, ரெண்டு மூணு வாரத்துல அவளாப் போயிருவா."

எவ்வளவு நாகரிகம் பாருங்கள். ஒரு கடுஞ்சொல் இல்லை. ஒருத்தர் மனமும் நோகாது. நான்தான் முதலில் சரி என்றேன்.

அன்று பயிற்சியில் புதுப் பாட்டு. ரூபாவதி கையுறை போட்டு மணியைத் தோளில் சாய்த்துத் தயாராக நின்றாள். பாட்டு ஓடியது. ச, ரி, க என்று போய் அவளைத் தாண்டி ப, த என்று போயிற்று. முடிந்தது. அவள் டீச்சரைப் பார்த்தாள்.

"இதுல ஒனக்கு இல்ல ரூபா. அப்படியே நில்லு" என்றார்கள் டீச்சர்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம், இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்போதுதான் என் கையில் மணி அடிக்காமல் அப்படியே இருப்பதைப் பார்த்தேன். என் நி? எனக்கும் வரவில்லையே.

"டீச்சர், எனக்கு?"

"ஒனக்கும் இல்ல புஷ்பம். நில்லு."

அடுத்த பாட்டு. அதிலும் இல்லை. அதற்கு அடுத்தது. அதிலும் இல்லை. பயிற்சி முடிந்ததும் டீச்சரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். டீச்சருக்கு என் மேல் எரிச்சல். "ம இல்லாத பாட்டுன்னா அது முக்கால்வாசி அஞ்சு சுரப் பாட்டுதான். ம போனா நியும் சேர்ந்தே போவும். நான் என்ன செய்ய? பாட்டு அப்படிப் பிறந்திருக்கு."

இதை நான் எப்படி முன்னாலேயே தெரிந்துகொள்ள முடியும்? எங்களுக்குப் பாட்டைப் படிக்கவா தெரியும்? எங்கள் எழுத்து வரும் இடம் மட்டும்தான் தெரியும். டீச்சருக்குத் தெரியும். டீச்சர் தெரிந்தேதான் சொன்னார்கள். நான் அன்று சரி என்று சொன்னபோது, "உனக்கும் சேர்த்துத்தான் புஷ்பம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அப்புறம் வாராவாரம் அதே கதை. நடுவில் அவள், கடைசியில் நான். ஐந்து பேர் அடிக்க, இரண்டு பேர் மணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறோம், குழந்தையைத் தூங்கவைக்கிறவர்கள் மாதிரி. மூன்றாவது வாரமோ என்னமோ, அவள் வரிசையைத் தாண்டி எட்டிப் பார்த்து, "யக்கா, நமக்கு ரெண்டு பேருக்கும் இன்னைக்கும் உபவாசம்தான்" என்று சிரித்தாள்.

நமக்கு ரெண்டு பேருக்கும்! எல்லாரும் கேட்கிற மாதிரி! எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

நான் பயந்ததுதான் நடந்தது. மீன் வாங்கப் போன இடத்தில் அன்னமணி மாமி என் கையையே பார்த்தார்கள். "ஏட்டி புஷ்பம், ஒன் மணிக்கும் வாயடச்சிட்டாவளே. கையுறை துவைக்கவ நீதானே? ஒனக்கும் ஒண்ணும் இல்லையே?" மீன்காரி வரை கேட்டாள். இரண்டு நாளில் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. ரூபாவதிக்கு வந்தது புஷ்பத்துக்கும் வந்திருக்கிறது, அதனால்தான் டீச்சர் இரண்டு பேருக்கும் பாட்டுக் கொடுப்பதில்லை என்று. யார் இப்படிக் கிளப்பிவிட்டது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மனிதருக்கு இரக்கமே கிடையாதா?

நீங்கள் நினைப்பீர்கள், பேசினால் பேசிவிட்டுப் போகட்டும் என்று. எனக்கு ஒரே மகள், தங்கச்சி. ஜெனிட்டா. அந்தச் சமயத்தில் அவளுக்கு ஒரு நல்ல இடம் வந்திருந்தது. மாப்பிள்ளை துறைமுகத்தில் வேலை. அவன் அம்மா கிறிஸ்துமஸ் கரோல் ஆராதனைக்கு நம் கோயிலுக்கே வந்து, எல்லாரையும் பார்த்துவிட்டு, பிடித்தால் அன்றைக்கே உறுதி செய்துவிடுவதாக ஏற்பாடு. இந்தப் பேச்சு அவர்கள் காதில் விழுந்தால் என் பெண்ணின் கதி? தோலில் வருகிற வியாதி குடும்பத்தில் இருக்கிறது என்றால் யார் எடுப்பார்கள்?

அதனால் நான் கையைக் காட்ட ஆரம்பித்தேன். எங்கே போனாலும் கையை விரித்து வைத்துக்கொள்வேன். கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டை நானே வாங்கி எல்லார் மூக்குக்கும் கீழே நீட்டுவேன். ஜெபத்தில் எல்லாரும் கைகூப்பினால் நான் கையை ஏந்துவேன். வீட்டுக்கு வந்ததும் கையுறைகளை ப்ளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டு, என் கையையும் அதிலேயே வைத்துக் கழுவுவேன். எரியும். எரிந்தால் நல்லது என்று வைத்திருப்பேன்.

டீச்சரிடம் கெஞ்சினேன். "ஒரே ஒரு பாட்டு டீச்சர், நி வர்ற மாதிரி."

"நி வந்தா ம வரும். ம வந்தா அவ வருவா. அவளைப் போவச் சொல்லு, நான் வேற ஆளைப் போட்டு எல்லாப் பாட்டையும் திரும்ப எடுக்கேன்."

அதனால் நான் ரூபாவதி வீட்டுக்குப் போனேன். யாரும் போகாத வீட்டுக்கு நான் போனேன், அதை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். மெஷினில் உறை போட்டிருந்தது. அலமாரியில் துணி இல்லை. அதற்குள் எல்லாரும் தங்கள் துணியைத் திரும்ப வாங்கிவிட்டார்கள் என்று புரிந்தது. என்னுடைய ஜாக்கெட் துணி ஒன்று அவளிடம் இருந்தது, வெட்டாத துணி. நானும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வந்தது வந்தோம் அல்லவா.

"ரூபா, நான் சொல்லுதேன்னு கோவப்படாத. நீ குழுவுல இருந்து நின்னுக்கோயேன். ஒனக்கு மரியாதையா இருக்கும்."

அவள் என் துணியை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "டீச்சர் வாயால போன்னு சொல்லட்டும்க்கா, இன்னைக்கே போயிருதேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லாம நான் எப்படிப் போவ? நானாப் போனா தப்பு எம்மேலேன்னு ஆயிரும்லா."

"சும்மா நிக்கது ஒனக்குக் கஷ்டமா இல்லையா?"

"இருக்கு. ஆனா எப்பவாவது ம வரும்லாக்கா. எத்தனை நாளைக்கு ஒரு சுரத்தை விட்டுட்டே பாடுவாவ? இங்க மெஷின் சத்தமும் இப்பம் இல்ல. எனக்குன்னு இருக்கது அந்த ஒரு சத்தந்தான்." அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்களும் பாவம். என்னால ஒங்களுக்கும் இல்லாமப்போச்சு" என்றாள்.

பாருங்கள், தெரிந்தே நின்றிருக்கிறாள். எனக்கும் சேர்த்து இல்லாமல் போகிறது என்று தெரிந்தே நின்றிருக்கிறாள். அவ்வளவு பிடிவாதம்.

டிசம்பர் வந்தது. கரோல் ஆராதனைக்குச் சுற்றுவட்டாரச் சபைகள் எல்லாம் சேர்ந்து பெரிய பாடகர் குழு. வயலின்காரர்கள், கீபோர்டு, பள்ளிக்கூடத்து டிரம்பட் செட், நாங்கள். எல்லாரையும் நடத்துவதற்கு டவுனிலிருந்து சாம்ராஜ் சார் என்று ஒருவர் வந்தார். ஹில்டா டீச்சரை அவர் ஒரு ஓரத்தில் உட்காரவைத்துவிட்டார். கடைசிப் பாட்டில் ஒரு இடத்தில் எல்லாரும் சட்டென்று நிறுத்த வேண்டும். கோயிலே ஓய்ந்து நிற்க வேண்டும். அப்போது மணிகள் மட்டும் மேல் ச-வில் தொடங்கி, படி படியாக, ஒன்றுகூட விடாமல் கீழ் ச வரைக்கும் இறங்க வேண்டும்.

"வயலின்ல ஒருத்தர் தப்பினா பக்கத்துல உள்ளவங்க மூடிருவாங்க" என்றார் சாம்ராஜ் சார். "மணிக்கு மாற்று ஆள் கிடையாது. ஒண்ணு போனா அவ்வளவுதான், கடைசி பெஞ்சுல தூங்குறவனுக்கும் தெரியும்."

வாசித்துக் காட்டினோம். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு என் நி அடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. த, ப, அப்புறம் ரூபாவதி. அவள் மணிக்கட்டு ஒரு அசைப்பு. அந்த ம அப்படியே காற்றில் நின்றது. சாம்ராஜ் சார் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினார். "நடுவுல நிக்கற அம்மா பேர் என்ன? இப்படித்தான் அடிக்கணும். இவங்க இருக்கும்போது நீங்க ஏன் அஞ்சு சுரப் பாட்டே வச்சிருக்கீங்க?"

அன்னமணி மாமி தும்மினார்கள்.

பயிற்சி முடிந்து ரூபாவதி நேராக என்னிடம் ஓடிவந்தாள். முகம் பளபளவென்று. "சொன்னேம்லாக்கா, ம வரும்னு! ஒங்க நியும் வந்துட்டு!" கையுறையைக் கழற்றிவிட்டாள். அந்தக் கையோடு பக்கத்தில் நின்ற என் ஜெனிட்டாவின் கன்னத்தைப் பிடித்தாள். "கரோல் அன்னைக்கு ஒன்னை நானே அலங்காரம் பண்ணி மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால நிறுத்துதேன், பாரு."

வீட்டுக்கு வந்து பெண்ணின் முகத்தை மூன்று தடவை கழுவவைத்தேன். அவள் என்னைத் திட்டினாள். திட்டட்டும். அவளுக்கு என்ன தெரியும்?

நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்திருக்க வேண்டும்? மாப்பிள்ளையின் அம்மா முன்வரிசையில் உட்காரப் போகிறார். அவர் கண்ணுக்கு நேரே, மேசைக்கு நடுவில், சாம்ராஜ் சார் புகழ்ந்த ரூபாவதி. ஆராதனை முடிந்ததும் அக்கா அக்கா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வரப்போகிறாள். யார் என்று கேட்டால்? விரலைப் பார்த்தால்? அவள் போகவும் மாட்டாள், போகச் சொல்லவும் யாரும் மாட்டார்கள். எல்லாரும் நல்லவர்களாகவே இருப்பார்கள். கடைசியில் என் பெண் வாழ்க்கைதான் போகும்.

கையுறைகள் என் பொறுப்பு. ஆராதனைக்கு முன்னால் கையுறைகளை எடுத்துவைக்க நான்தான் முதலில் போவேன். மணிகள் பெட்டியில் இருந்தன. ஒரு பழைய கையுறையில் ஒரு விரலை மட்டும் வெட்டி வைத்திருந்தேன். அதை ம மணியின் நாக்கில் மாட்டி, நூலால் இறுக்கிச் சுற்றிவிட்டேன். பெரிய வேலை இல்லை. நாக்கு மணியில் படும், ஆனால் ஓசை வராது. பஞ்சு மெத்தையில் குத்தின மாதிரிதான் இருக்கும். யாருக்கும் அடிபடாது, எதுவும் உடையாது. ஒரு மணி ஒரு தடவை பேசாமல் இருக்கும், அவ்வளவுதான். எத்தனை வாரம் நானும்தான் பேசாமல் நின்றேன்.

அன்று சாயங்காலம் கோயில் நிறைந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பச்சைப் பட்டில் வந்திருந்தார். எல்லாப் பாட்டும் நன்றாகப் போயிற்று, அதிலெல்லாம் ம கிடையாது. கடைசிப் பாட்டு. சாம்ராஜ் சார் கையை மூடினார், எல்லாம் நின்றது. மெழுகுவர்த்தி எரிகிற சத்தம் கேட்கும் போல இருந்தது. ச. நி, என்னுடையது, சுத்தமாக விழுந்தது. த. ப.

அப்புறம் ஒன்றும் இல்லை.

ரூபாவதி மறுபடி அசைத்தாள். தொப் என்று ஒரு சத்தம். மறுபடியும். சாம்ராஜ் சாரின் கை மேலேயே நின்றது. பின்னால் ஏதோ ஒரு பையன் சிரித்தான். க அடிக்க வேண்டியவள் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அடித்தாள், ரி தடுமாறியது, மாமி கீழ் ச-வை அவசரமாக அடித்து முடித்தார்கள். முன்பல் விழுந்தவள் சிரித்த மாதிரி ஆயிற்று. வயலின்காரர்கள் சமாளித்துப் பாட்டை முடித்தார்கள்.

ரூபாவதி மணியைத் திருப்பி வாய்க்குள் பார்த்தாள். நூலைப் பிரித்தாள். அந்த விரல்துண்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் தைத்த கையுறை. அவள் தையல் அவளுக்குத் தெரியாதா? அது யார் வீட்டில் இருந்து வரும் என்பதும் தெரியாதா? நான் பயந்துவிட்டேன். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன்.

கத்தவில்லை. போதகர் ஆசீர்வாதம் சொல்ல எழுந்துவிட்டார். அதற்குள் அவள் தன் கையுறைகளைக் கழற்றினாள். ஒவ்வொரு விரலாக, அவசரமே இல்லாமல், சபை முழுவதும் பார்க்க. இப்போது நாலு விரலிலும் வெள்ளை இருந்தது. கையுறைகளை மடித்து மணிக்குப் பக்கத்தில் வைத்தாள். மேசையைச் சுற்றி வந்து அந்த விரல்துண்டை என் மணிக்கு முன்னால் வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நடுவழியாக, வெறுங்கையை வீசிக்கொண்டு, வாசல் வரை நடந்து போனாள். எவ்வளவு திமிர்! மாப்பிள்ளையின் அம்மா பார்க்கிறார் என்று தெரிந்தும்!

"அந்தப் பொம்பள ஒங்க முன்னால என்னத்தையோ வச்சிட்டுப் போனாளே?" என்று அவர் கேட்கத்தான் செய்தார்.

"அவ புத்தி கொஞ்சம் சரியில்லம்மா. பாவம்" என்றேன்.

அன்றைக்கே பேசி முடித்தோம். ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். கர்த்தர் கைவிடவில்லை.

ரூபாவதி மெஷினை ஏற்றிக்கொண்டு எங்கேயோ போய்விட்டாள். அக்கா வீடு என்கிறார்கள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களைத் தேடி வந்திருக்க மாட்டேன். அவள் போனால் எல்லாப் பாட்டும் திரும்ப வரும் என்று டீச்சர் சொன்னார்கள் அல்லவா? வரவில்லை. அந்த ம மணியைத் தொட ஒருத்தியும் தயாராக இல்லை. அவள் பிடித்த கைப்பிடி. துடைத்துத் தருகிறேன் என்றேன், நீயே பிடித்துக்கொள்ளேன் என்றார்கள் மாமி. பெட்டியில் துணி சுற்றிக் கிடக்கிறது. ம இல்லை, அதனால் பாட்டு பழையபடி ஐந்து சுரம், அதனால் என் நியும் இல்லை. இப்போது மேசையில் அடிக்காமல் நிற்கிறவள் நான் ஒருத்திதான். ரூபாவதி இருந்தபோதாவது பார்க்கிறவர்கள் முதலில் அவளைப் பார்த்தார்கள். இப்போது எல்லார் கண்ணும் என் கைக்குத்தான் வருகிறது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை, தங்கச்சி.

இங்கே பாருங்கள், இந்த விரல் இடுக்கில். வெளுத்த மாதிரி தெரிகிறதா? ப்ளீச்சிங் பவுடர்தான். தெரியும், ப்ளீச்சிங் பவுடர்தான். நீங்களும் பார்த்துவிட்டு அப்படித்தான் சொல்ல வேண்டும். யாராவது கேட்டால்.

அதனால் நான் யோசித்தேன். எந்த எழுத்தை விட்டுவிட்டுப் பாட்டு இருக்க முடியாது? ச. ச இல்லாமல் எந்தப் பாட்டும் வந்து முடியாது. ச பிடித்தவளை யாரும் பாட்டை மாற்றி நிறுத்த முடியாது. அன்னமணி மாமிக்கு வயதாகிவிட்டது, கை லேசாக நடுங்குகிறது. நடுங்குவதைப் பார்த்தால் பார்த்ததாகச் சொல்ல வேண்டும் அல்லவா? டீச்சரிடம் சொன்னேன். ஈஸ்டருக்குப் பெரிய கூட்டம் வரும், போன தடவை மாதிரி ஆகிவிட்டால் உங்கள் பெயர் என்னாகும் என்று கேட்டேன். டீச்சர் ஒரு வாரம் மாமியின் கையையே பார்த்தார்கள். யாராவது கையையே பார்த்தால் யாருக்குத்தான் நடுங்காது? இப்போது மாமி முன்வரிசையில் உட்கார்ந்து எங்களைப் பார்க்கிறார்கள். வசதியான இடம், காற்று வரும். இரண்டு ச மணியும் என் கையில்.

இதோ, பையில் இருப்பது. பளபளவென்று இருக்கிறது பார்த்தீர்களா? நி. உங்களுக்கு. சுவர் ஓரத்தில் நிற்கலாம், அதிக வேலை இருக்காது, மணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கையை நீட்டுங்கள். இரண்டு பக்கமும். நல்ல கை, ஒரு மறு இல்லை. இந்தாருங்கள், கையுறை.

இந்த மூட்டை மற்றவர்களுடையது. இனிமேல் துவைப்பதும் நீங்கள்தான். புதிதாக வந்த தங்கச்சி தானாகவே ஆசைப்பட்டுக் கேட்டாள் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.